ஃப்ரீரேடியஸில் டேட்டா வரம்பு: எண்ணுவது ஓரிடம், நிறுத்துவது வேறிடம்

கேள்வி இது. ஒரு மாணவர் விடுதியில் மைக்ரோட்டிக் ரவுட்டரில், உள்நுழைந்த பிறகே இணையம் தரும் ஹாட்ஸ்பாட் ஓடுகிறது. அதற்குப் பின்னால், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லிப் பயன்பாட்டையும் பதியும் ரேடியஸ் சர்வரான ஃப்ரீரேடியஸ் 3, அதன் தரவுத்தளமாக மைஎஸ்கியூஎல். ஒருவருக்கு மாதம் 10 ஜிபி என்று வரம்பு வைக்க வேண்டும். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதாந்தரக் கவுன்டர் மாதிரியை எடுத்து, சோதனைக்காக முதலில் 3 ஜிபிக்கு உரிய 3221225472 என்ற எண்ணைக் கொடுத்தால் யாருக்கும் இணைப்பு நிற்கவில்லை. 10 ஜிபிக்கு உரிய 10737418240 என்ற எண்ணைக் கொடுத்தால் உள்நுழைவதே தோற்றுப்போகிறது. எங்கே பிழை?

இரண்டும் வெவ்வேறு பிழைகள். அந்த மாதிரிக் கவுன்டர் பைட்டுகளை எண்ணுவதில்லை, வினாடிகளை எண்ணுகிறது. அதில் வரும் மேக்ஸ்-மன்த்லி-செஷன் என்ற பண்பு, அதாவது பெயரிட்ட மதிப்பு, இணைப்பில் இருந்த நேரத்துக்கான வரம்பு. நீங்கள் 3 ஜிபி என்று நினைத்துக் கொடுத்தது அதன் கணக்கில் நூறு ஆண்டுகளுக்கும் மேல். மாணவர் யாரும் அதைத் தாண்டப்போவதில்லை. இரண்டாவது தோல்விக்குக் காரணம் 32 பிட். அந்தப் பண்பில் 4294967295 வரைதான் எழுத முடியும். 10 ஜிபி அதற்குள் அடங்காது.

இந்த இரண்டையும் திருத்தினாலும் வரம்பு முழுதாக வேலை செய்யாது. காரணம், ரேடியஸ் சர்வர் யாருடைய இணைப்பையும் தானாக அறுப்பதில்லை. பயனரின் போக்குவரத்து அதன் வழியாகப் போவதே இல்லை. உள்ளே விடலாமா என்று ரவுட்டர் கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது. பிறகு ரவுட்டர் அவ்வப்போது இவ்வளவு போயிற்று என்று தகவல் அனுப்புகிறது, சர்வர் அதை எழுதி வைக்கிறது. நிறுத்தும் கை ரவுட்டருடையது. ஆகவே சர்வர் எப்படி எண்ணுகிறது, அந்த எண்ணிக்கையை ரவுட்டருக்கு எந்தச் சொல்லில் சொல்வது, ரவுட்டர் எப்போது நிறுத்தும் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வழிகாட்டிகளில் பெரும்பாலானவை முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

மாதிரிக் கோப்புகள் ஏன் வினாடியை எண்ணுகின்றன என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ரேடியஸ் டயல்-அப் மோடம் காலத்துக் குழந்தை. 1991இல் லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் உருவாக்கியது. இன்றும் அடிப்படையாக இருக்கும் இணைய நெறிமுறை ஆவணங்களான ஆர்எஃப்சி 2865, 2866 இரண்டும் 2000 ஜூனில் வந்தவை. அன்று எத்தனை நிமிடம் தொலைபேசி இணைப்பில் இருந்தீர்கள் என்பதற்குத்தான் காசு. அதனால் இத்தனை வினாடிக்குப் பின் துண்டி என்று சொல்ல செஷன்-டைம்அவுட் என்ற பொதுப் பண்பு இருக்கிறது. இத்தனை பைட்டுக்குப் பின் துண்டி என்று சொல்ல 2865இல் எதுவும் கிடையாது. அந்த இடைவெளியை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கெனப் பண்புகளை வகுத்து நிரப்பிக்கொண்டார்கள். மைக்ரோட்டிக்கில் அது மைக்ரோட்டிக்-டோட்டல்-லிமிட். கூவாசில்லி என்ற ஹாட்ஸ்பாட் மென்பொருளில் சில்லிஸ்பாட்-மேக்ஸ்-டோட்டல்-ஆக்டெட்ஸ். பல வயர்லெஸ் ஆக்செஸ் பாயின்டுகளில் அப்படி ஒன்றே இல்லை. உங்களிடம் இருப்பது மைக்ரோட்டிக் என்பதால் பாதி வேலை எளிது.

முதலில் கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட் புரொஃபைலில், பயன்பாட்டுக் கணக்கை சர்வருக்கு அனுப்பும் ரேடியஸ் அக்கவுண்டிங் இயங்க வேண்டும், சர்வரில் 1813 போர்ட் திறந்திருக்க வேண்டும். சர்வர் அந்தக் கணக்கை எழுதி வைக்கும் ராட்அக்ட் அட்டவணையில் உங்கள் கைப்பேசிக்கான வரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்குங்கள். செஷன், அதாவது நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரையிலான இணைப்பு, முடிந்த பிறகுதான் எண் மாறுகிறது என்றால் இடைக்காலத் தகவல், அதாவது இன்டரிம்-அப்டேட், வரவில்லை என்று பொருள். உள்ளே விடச் சொல்லி சர்வர் தரும் ஆக்செஸ்-அக்செப்ட் பதிலில் அக்ட்-இன்டரிம்-இன்டர்வல் என்ற பண்பைச் சேர்த்தால் வரத் தொடங்கும். ரவுட்டர் புரொஃபைலில் அந்த இடைவெளி, சர்வரிடமிருந்து பெற்றதைப் பயன்படுத்து என்ற நிலையில் இருக்கட்டும். 60 வினாடிக்குக் குறைவாக வைக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 2869 சொல்கிறது, 600க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. சில நூறு பேர் உள்ள விடுதிக்கு 300 வினாடி சரியாக இருக்கும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். இன்டரிம்-அப்டேட்டில் வரும் எண், செஷன் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம், கடந்த முறைக்குப் பின் கூடியது அல்ல. எனவே ஒரு செஷனுக்கு ஒரு வரி, அதில் எண் ஏறிக்கொண்டே போகும். அடுத்தது திசை. ஆக்டெட் என்றால் பைட். அக்ட்-இன்புட்-ஆக்டெட்ஸ் என்பது ரவுட்டர் பயனரிடமிருந்து வாங்கியது, அதாவது பயனரின் பதிவேற்றம். அவர் பதிவிறக்கியது அவுட்புட்டில் இருக்கும். பெயரைப் பார்த்து இன்புட்டைப் பதிவிறக்கம் என்று நினைத்து அதை மட்டும் எண்ணினால், நாள் முழுக்கப் படம் பார்த்தவர் மிகக் கொஞ்சமே செலவழித்ததாகக் கணக்கு காட்டும். இரண்டையும் கூட்டுங்கள், விவாதம் மிச்சம்.

ஆக்டெட் பண்புகளும் 32 பிட்தான். 4 ஜிபியைத் தாண்டினால் எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எத்தனை முறை அப்படிச் சுற்றியது என்பதைச் சொல்லத் தனியாக அக்ட்-இன்புட்-கிகாவேர்ட்ஸ், அக்ட்-அவுட்புட்-கிகாவேர்ட்ஸ் என்ற இரு பண்புகள் இருக்கின்றன. ஃப்ரீரேடியஸோடு வரும் எஸ்கியூஎல் வினவல்கள் இவற்றைச் சேர்த்தே அட்டவணையில் எழுதிவிடும், நீங்கள் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை. ஆனால் கிகாவேர்ட்ஸை அனுப்பாத மலிவான கருவிகளும் உண்டு. நீண்ட செஷன்கள் பல இருந்தும் அட்டவணையில் எந்த வரியும் 4294967295ஐத் தாண்டவே இல்லை என்றால் கருவியைச் சந்தேகியுங்கள்.

இனி சர்வர் பக்கம். அந்த மாதிரிக் கவுன்டரை இயக்கும் எஸ்கியூஎல்கவுன்டர் தொகுதியிலேயே வினவலை மாற்றி, நேரத்துக்குப் பதிலாக ஆக்டெட்டுகளைக் கூட்டச் சொல்லலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். டேட்டா வரம்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வரம்பு தீர்ந்தவுடன் அந்தத் தொகுதிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மறுப்பது. வரம்பு தீர்ந்தவரை மெதுவான வேகத்தில் விடலாம் என்று நாளை நிர்வாகம் சொன்னால் அதைக் கழற்றிவிட்டு வேறு எழுத வேண்டியிருக்கும். அன்லாங் என்னும் ஃப்ரீரேடியஸின் சொந்தக் கட்டளை மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதினால் இரண்டும் கையில் இருக்கும்.

செய்முறை இப்படி. அகராதிக் கோப்பில் உங்களுக்கென மூன்று பண்புகளை வரையறுங்கள்: மாத வரம்பு, செலவழித்தது, மீதம். உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு என்று 3000 முதல் 4000 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவை பொட்டலத்தில் ஏறி வெளியே போவதில்லை. மூன்றின் வகையும் இன்டெஜர்64 என்று இருக்க வேண்டும். சாதாரண இன்டெஜர் என்று போட்டால் உங்கள் 10 ஜிபி பழைய இடத்திலேயே முட்டி நிற்கும். சரம் என்று போட்டால் ஒப்பீடு எழுத்து வரிசைப்படி நடந்து, 9 என்பது 10ஐ விடப் பெரிது என்று ஆகிவிடும்.

வரம்பை ஒவ்வொரு மாணவருக்கும் எழுதாமல் ராட்குரூப்செக் அட்டவணையில் குழுவுக்கு ஒரு முறை எழுதி, மாணவர்களை ராட்யூசர்குரூப்பில் அந்தக் குழுவோடு இணையுங்கள். யாருக்காவது கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால் வேறு குழுவுக்கு மாற்றினால் போதும்.

பிறகு ஒவ்வோர் உள்நுழைவுக் கோரிக்கைக்கும் ஓடும் ஆத்தரைஸ் பகுதியில், எஸ்கியூஎல் என்ற வரிக்குக் கீழே உங்கள் கட்டளைகளை எழுதுங்கள். மேலே எழுதினால் வரம்பு இன்னும் படிக்கப்பட்டிருக்காது, எதுவும் நடக்காது, பிழைச்செய்தியும் வராது. முதல் கட்டளை, இந்த மாதத்தில் இந்தப் பயனர் செலவழித்த மொத்தத்தை அட்டவணையிலிருந்து எடுப்பது. மாதத்தின் முதல் உள்நுழைவின்போது கூட்டுவதற்கு வரியே இருக்காது. கூட்டல் பூஜ்யத்தைத் தராமல் நல் என்ற வெறுமையைத் தரும், அடுத்த ஒப்பீடு தோற்கும். அதனால் கோலெஸ் என்ற எஸ்கியூஎல் சார்பைக் கொண்டு வெறுமையைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். 1ஆம் தேதி காலையில் மட்டும் யாராலும் நுழைய முடியவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

செலவழித்தது வரம்பை எட்டியிருந்தால் மறுக்கலாம் அல்லது வேகத்தைக் குறைக்கலாம். எட்டவில்லையென்றால் மீதத்தைக் கணக்கிட்டு ரவுட்டரிடம் சொல்ல வேண்டும். இங்கே மறுபடியும் அதே 32 பிட் சுவர். மைக்ரோட்டிக்-டோட்டல்-லிமிட் 4 ஜிபிக்கு மேல் பிடிக்காது. மேல்பாதிக்கு மைக்ரோட்டிக்-டோட்டல்-லிமிட்-கிகாவேர்ட்ஸ் என்ற தனிப் பண்பு. மீதத்தை 4294967296ஆல் வகுத்தால் வரும் ஈவு கிகாவேர்ட்ஸுக்கு, மிச்சம் டோட்டல்-லிமிட்டுக்கு. 10 ஜிபி முழுதும் மீதமிருந்தால் ஈவு 2, மிச்சம் 2147483648. இந்த வகுத்தலை மைஎஸ்கியூஎல்லிடமே விட்டுவிடுங்கள், டிவ், மாட் இரண்டும் அங்கே இருக்கின்றன. கிகாவேர்ட்ஸை மறந்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பினால் 10 ஜிபி கொடுக்கப்பட்டவருக்கு 2 ஜிபியில் இணைப்பு அறுந்துவிடும். மீண்டும் நுழைந்தால் அடுத்த துண்டு கிடைக்கும். வரம்புக்கு முன்பே துண்டிக்கிறது, ஆனால் திரும்ப நுழைந்தால் சரியாகிவிடுகிறது என்று மாணவர்கள் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

வேகத்தைக் குறைப்பதாக இருந்தால் மைக்ரோட்டிக்-ரேட்-லிமிட் என்ற பண்பு. அதில் முதலில் வரும் எண் ரவுட்டர் வாங்குவது, அதாவது பயனரின் பதிவேற்ற வேகம். சாய்கோட்டுக்குப் பின் வருவதுதான் பதிவிறக்கம். இந்தப் பண்பு வந்தவுடன் ரவுட்டர் அந்தப் பயனருக்கு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிம்பிள் க்யூவை உருவாக்கிக்கொள்ளும். அந்த க்யூ வேலை செய்ய வேண்டுமானால் ஃபயர்வாலில், பொட்டலங்களைக் குறுக்குவழியில் விடும் ஃபாஸ்ட்ட்ராக் விதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபாஸ்ட்ட்ராக்கில் ஏறிய பொட்டலங்கள் சிம்பிள் க்யூக்களைத் தொடாமலே போய்விடும். சர்வர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வேகம் குறையவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்களில் கணிசமானவர்களுக்கு விடை ரவுட்டரின் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

மறுப்பா, வேகக் குறைப்பா? விடுதிக்கு வேகக் குறைப்பே நல்லது என்பேன். மாதம் 20ஆம் தேதி ஒரு மாணவருக்கு இணையமே இல்லை என்றால் அவர் நண்பரின் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்வார். 512 கேபிபிஎஸ் இருந்தால் மின்னஞ்சலும் பாடக்குறிப்புகளும் திறக்கும், படம் ஓடாது, கடவுச்சொல் கைமாறும் தூண்டுதலும் குறையும்.

இதுவரை சொன்னது ஒருவர், ஒரு கருவி, ஒரு செஷன் என்ற கணக்கு. நிஜத்தில் ஒருவரிடம் கைப்பேசியும் மடிக்கணினியும் இருக்கும். மீதம் 6 ஜிபி இருக்கும்போது இரண்டிலும் ஒரே சமயத்தில் நுழைந்தால், இரண்டு செஷனுக்கும் தனித்தனியாக 6 ஜிபி என்று ரவுட்டரிடம் சொல்லியிருப்போம். மொத்தம் 12. சைமல்டேனியஸ்-யூஸ் 1 என்று வைத்து ஒரு கருவிக்கு மேல் அனுமதிக்காமல் இருக்கலாம். அதற்கு செஷன் பகுதியில் எஸ்கியூஎல்லை இயக்கி, வினவல் கோப்பில் முடக்கி வைக்கப்பட்டிருக்கும் சைமல்-கவுன்ட் வினவலையும் திறக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மின்தடையில் ரவுட்டர் திடீரென அணைந்தால் செஷன் முடிந்தது என்ற தகவல் வராது, அட்டவணையில் அந்த வரி திறந்தே கிடக்கும், மாணவர் மீண்டும் நுழையும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்ற மறுப்பு வரும். ரவுட்டர் மீண்டும் எழும்போது அக்கவுண்டிங்-ஆன் என்ற செய்தியை அனுப்பினால் சர்வர் பழைய வரிகளை மூடிவிடும். அந்த ஒரு யுடிபி பொட்டலம் வழியில் தொலைந்தால் அதுவும் இல்லை. சில இன்டரிம்-அப்டேட்டுகள் தொடர்ந்து வராத வரிகளை மூடும் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் ஒரு சிறு கிரான் வேலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கருவிகளை அனுமதிக்கத்தான் வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் செஷனைச் சர்வர் பக்கத்திலிருந்து நிறுத்தும் வழி தேவை. அதற்கென இருப்பது ஆர்எஃப்சி 5176, 2008இல் வந்தது. இதில் மட்டும் திசை தலைகீழ்: சர்வர் கேட்கும், ரவுட்டர் பதில் சொல்லும், போர்ட் 3799. டிஸ்கனெக்ட்-ரெக்வெஸ்ட் அனுப்பினால் செஷன் அறும், சிஓஏ-ரெக்வெஸ்ட் அனுப்பினால் செஷன் தொடரும், வேகம் மட்டும் மாறும். மைக்ரோட்டிக்கில் ரேடியஸ் பகுதியில் இன்கமிங் என்ற இடத்தில் அக்செப்ட் என்று மாற்றாவிட்டால் அது காது கொடுக்காது.

இன்டரிம்-அப்டேட் வரும்போதே ஃப்ரீரேடியஸ் இந்தக் கட்டளையை அனுப்பும்படி அமைக்கலாம். எனக்குப் பிடித்தது அதைவிட எளிய வழி: சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், வரம்பைத் தாண்டிய திறந்த செஷன்களைப் பட்டியலிட்டு ஃப்ரீரேடியஸின் ராட்கிளையன்ட் என்ற கட்டளைக் கருவி மூலம் ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்பட்டும். தவறினால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளும், பதிவுகளைப் படிப்பதும் எளிது. பயனர் பெயரோடு அக்ட்-செஷன்-ஐடியையும் ஐபி முகவரியையும் சேர்த்து அனுப்புங்கள். ரவுட்டர் நாக் என்று மறுத்து, காரணமாக 503 என்று சொன்னால் அப்படி ஒரு செஷன் தன்னிடம் இல்லை என்று பொருள். அநேகமாக அது மேலே சொன்ன மூடப்படாத வரிதான்.

எப்படிச் செய்தாலும் துல்லியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் 5 நிமிடத்துக்குள் 750 எம்பி போய்விடும். இன்டரிம் இடைவெளி 300 வினாடியாக இருந்தால், இரண்டு கருவி உள்ளவர் அந்த அளவு தாண்டிய பிறகுதான் சர்வருக்கே தெரியவரும். இடைவெளியை 60 ஆக்கினால் 150 எம்பி. ஆனால் பொட்டலங்களும் அட்டவணையில் எழுதும் வேலையும் ஐந்து மடங்கு.

மாதத் தொடக்கத்தில் இன்னொரு சிக்கல். 31ஆம் தேதி இரவு தொடங்கிய செஷன் 1ஆம் தேதி மாலை வரை ஓடினால் அதன் பைட்டுகள் எந்த மாதத்துக்கு? ராட்அக்டில் செஷனுக்கு ஒரே வரி என்பதால் பிரிக்க வழியில்லை. தொடங்கிய தேதியை வைத்துக் கூட்டினால் எல்லாம் பழைய மாதத்துக்குப் போய், புதிய மாதத்தில் அவர் கொஞ்சம் இலவசமாகப் பெறுவார். செஷன்-டைம்அவுட்டைக் கொண்டு நள்ளிரவில் எல்லாரையும் ஒரு முறை வெளியேற்றுவது முரட்டு வழி, ஆனால் வேலை செய்யும். நல்ல வழி ஃப்ரீரேடியஸ் 3இன் புதிய வெளியீடுகளோடே வருகிறது. மைஎஸ்கியூஎல் கோப்புறையில் பிராசஸ்-ராட்அக்ட் என்ற கோப்பு இருக்கும். அது காலப்பகுதி வாரியாகப் பயன்பாட்டைச் சேர்க்கும் தனி அட்டவணையையும், அதை நிரப்பும் செயல்முறையையும் தருகிறது. நடந்துகொண்டிருக்கும் செஷன்களையும் காலப்பகுதி எல்லையில் சரியாகப் பிரித்துக்கொள்கிறது. ராட்அக்ட் லட்சக்கணக்கான வரிகளாக வளர்ந்த பிறகு ஒவ்வோர் உள்நுழைவுக்கும் அதை முழுதாகக் கூட்டுவதைவிட இது வேகமும் கூட.

நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். சர்வர் யுடிசியில் ஓடினால் மாதம் மாறுவது நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு. நள்ளிரவில் புதிய வரம்புக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள்.

நாளை ஹாட்ஸ்பாட்டை விட்டு, வைஃபையில் சேரும்போதே ஒவ்வொருவரும் தம் பெயரில் நுழையும் டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸுக்கு மாறினால் சில விஷயங்கள் மாறும். அதில் பயன்படும் ஈஏபி என்ற உள்நுழைவு முறையில் ஒரே உள்நுழைவுக்கு ஆத்தரைஸ் பல முறை ஓடும், எனவே மீதம் கணக்கிடும் கட்டளைகளை உள்நுழைவு சரிபார்த்து முடிந்த பின் ஓடும் போஸ்ட்-ஆத் பகுதிக்கு நகர்த்துங்கள். வெளி அடையாளமாக அனானிமஸ் என்று கொடுத்து நுழைபவரின் கணக்கு அந்தப் பெயரிலேயே பதிவாகும். ஆக்செஸ்-அக்செப்டில் உண்மையான பயனர் பெயரைத் திருப்பி அனுப்பினால் ஆக்செஸ் பாயின்ட் அடுத்த கணக்குச் செய்திகளில் அதைப் பயன்படுத்தும். துண்டிக்கப்பட்ட கைப்பேசி தானாகவே மறுபடி மறுபடி நுழைய முயன்றுகொண்டிருக்கும், அங்கே மறுப்பைவிட வேகக் குறைப்பு இன்னும் பொருத்தம். மேக் முகவரியை வைத்து எண்ணும் யோசனை வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் போலி மேக் முகவரியையே இயல்பாகக் காட்டுகின்றன.

சோதிக்கும்போது 10 ஜிபியோடு மல்லுக்கட்டாதீர்கள். 50 எம்பி வரம்புள்ள ஒரு சோதனைக் குழு, அதில் ஒரு பயனர். சர்வரை நிறுத்திவிட்டு பெரிய எழுத்து எக்ஸ் விருப்பத்தோடு முன்னணியில் ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் எந்த மதிப்போடு ஓடியது என்று திரையில் தெரியும். பெரிய எண்களுக்கு உண்மையான பதிவிறக்கம் தேவையில்லை. கிகாவேர்ட்ஸ் 2 என்று வைத்து ராட்கிளையன்ட் மூலம் ஒரு பொய்க் கணக்குச் செய்தியை அனுப்புங்கள், அட்டவணையில் 8 ஜிபிக்கு மேல் ஏறுகிறதா, அடுத்த உள்நுழைவில் மீதம் சரியாகப் பிரிந்து போகிறதா என்று பாருங்கள். சர்வரின் பதிப்பு 3.2.5க்கு முந்தையதாக இருந்தால் இந்தச் சாக்கில் புதுப்பித்துவிடுங்கள். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் அதில் வந்தது. ரவுட்டரையும் புதுப்பித்த பிறகு, அந்த ரவுட்டருக்கு, செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் மெசேஜ்-ஆத்தென்டிகேட்டரைக் கட்டாயமாக்கும் அமைப்பையும் இயக்குங்கள்.